பி.ஏ.ஆர்ல இருந்து ஃபோன் வந்துடுச்சா? முதல்ல அந்த ஒர்க் ஆர்டரை (அந்த காருக்கான வேலை விவரம் எழுதின பேப்பரை) எடுத்து மேஜை மேல வைங்க

தம்பி கேட்டிருக்கறதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் மத்தவங்களுக்கும் புரியும். கலிஃபோர்னியால சொந்தமா ஒரு ரிப்பேர் ஷாப் வச்சிருக்கார், நாலு லிஃப்ட்டு, ரெண்டு டெக்னீஷியன், கவுன்ட்டர்ல அவரேதான். ஒரு அம்மா இன்ஜின் ரொம்ப சூடாகுதுன்னு காரை விட்டுட்டு போயிருக்காங்க. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கு கீழ இருக்கற சீல், போயிருக்குன்னு 2,150 டாலருக்கு எஸ்டிமேட் போட்டு கையெழுத்து வாங்கியிருக்கார். ஹெட்டை கழட்டி பார்த்தா வளைஞ்சிருக்கு, மெஷின் ஷாப்புக்கு அனுப்பி தேய்ச்சு வாங்கி, கூடவே வாட்டர் பம்ப்பையும் மாத்தி, கடைசில பில்லு 3,480. நடுவுல ஃபோன் பண்ணி சொன்னேன், சரின்னாங்கன்றார். கார் எடுக்க வந்தப்ப அந்த அம்மா சத்தம் போட்டுட்டு கார்டுல கட்டிட்டு போயிட்டாங்க, மூணு வாரம் கழிச்சு ரிப்பேர் ஷாப்புகளை கண்காணிக்கற பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர், அதாவது பி.ஏ.ஆர்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டு மெசேஜ் வச்சிருக்கார். லைசென்ஸ் போயிடுமா, வக்கீல் வைக்கணுமா, அந்த அம்மாவை கூப்பிட்டு பேசலாமா, காசை திருப்பி கொடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா, இதுதான் கேள்வி.

நான் இந்த ஊர் ஷாப்புகள்ல முதல்ல டூல் பாக்ஸோடவும் அப்பறம் கவுன்ட்டர்லயும், அதுக்கப்பறம் மத்தவங்க ஷாப்பை நடத்தி கொடுக்கறதுலயும் பத்தொம்பது வருஷம் ஓட்டிட்டேன், இந்த மாதிரி கம்ப்ளைன்ட்டுக்கு எதிர்ல உக்காந்து பதில் சொன்ன அனுபவம் நிறைய இருக்கு, அதுல ஒண்ணு மட்டும் ரொம்ப தூரம் போயிடுச்சு. அதனால தம்பியோட பதட்டம் எனக்கு நல்லா தெரியும். ராத்திரி தூக்கம் வராது, நாம ஒழுங்காத்தானே வேலை பார்த்தோம், கார் இன்னிக்கும் ஓடுதே, அப்பறம் எதுக்கு இதுன்னு மனசு கொதிக்கும். அந்த கொதிப்பை ரெண்டு நாள் ஓரமா வச்சுட்டு இதை படிங்க.

மொதல்ல எதிர்ல இருக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கணும். இது கோர்ட்டும் இல்ல, போலீஸும் இல்ல. 1971ல ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் ஆக்ட்னு ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க, அடுத்த வருஷம் இந்த பீரோ வேலையை ஆரம்பிச்சுது, மாநிலத்தோட கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு கீழ வருது. காசு வாங்கிட்டு காரை ரிப்பேர் பண்ற எந்த ஷாப்பா இருந்தாலும் இவங்ககிட்ட ரெஜிஸ்டர் பண்ணணும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும், தம்பி லைசென்ஸ்னு சொல்றது இந்த ரெஜிஸ்ட்ரேஷனைத்தான். உங்க ஷாப் சுவத்துல மாட்டியிருக்கீங்களே ஒரு போர்டு, கஸ்டமருக்கு என்னென்ன உரிமைன்னு எழுதி கீழ இவங்க நம்பர் போட்டு, அந்த போர்டை பார்த்துதான் அந்த அம்மா கூப்பிட்டிருப்பாங்க. போர்டு மாட்டறதே சட்டப்படி கட்டாயம், அதனால கம்ப்ளைன்ட் பண்ணதை துரோகம் மாதிரி எடுத்துக்காதீங்க, அது அவங்க உரிமை.

கம்ப்ளைன்ட் வந்தா இவங்க முதல்ல செய்யறது சமாதானம் பேசறது. ரெப், அதாவது பீரோவோட பிரதிநிதி, ரெண்டு பக்கமும் கேட்பார், பேப்பரை பார்ப்பார், கொஞ்சம் காசு திருப்பி கொடுக்கறீங்களா, இல்ல வேலையை மறுபடி செஞ்சு கொடுக்கறீங்களான்னு ஒரு வழிக்கு கொண்டுவர பார்ப்பார். காசை திருப்பி கொடுன்னு உங்களை கட்டாயப்படுத்தற அதிகாரம் அவருக்கு கிடையாது. உங்க ரேட் அதிகம் கம்மின்னு சொல்ற அதிகாரமும் கிடையாது, மணிக்கு எவ்வளவு லேபர் போடறதுன்றது உங்க இஷ்டம். ஆனா இதை கேட்டுட்டு அப்ப நம்மள ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைச்சுடாதீங்க, ஏன்னா அவர் சமாதானம் பேசும்போதே இன்னொரு கண்ணுல நீங்க சட்டத்தை மீறியிருக்கீங்களான்னும் பார்த்துட்டு இருப்பார், அந்த கேள்விக்கும் அந்த அம்மாவோட கோவம் தீர்ந்துதா இல்லையான்றதுக்கும் சம்பந்தம் இல்ல.

இங்கதான் நம்ம ஆளுங்க தப்பா புரிஞ்சுக்கறாங்க. ரெப் கூப்பிட்டதும் வேலை எவ்வளவு நல்லா செஞ்சோம்னு அரை மணி நேரம் பேசுவாங்க, ஹெட் வளைஞ்சிருந்தது சார், அப்படியே மாட்டியிருந்தா ஒரு மாசத்துல மறுபடி போயிருக்கும் சார்னு. அது உண்மைதான், நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அவர் கேக்கற கேள்வி அது இல்லயே. 2,150க்கு சம்மதம் வாங்கின நீங்க 3,480 வாங்கியிருக்கீங்க, நடுவுல இருக்கற 1,330க்கு அந்த அம்மா எப்ப, எப்படி சம்மதிச்சாங்க, அது எந்த பேப்பர்ல இருக்கு, இவ்வளவுதான் கேள்வி. பிசினஸ் அண்ட் புரொஃபஷன்ஸ் கோடுன்ற மாநில சட்டத் தொகுப்புல 9884.9னு ஒரு செக்‌ஷன் இருக்கு, கலிஃபோர்னியால ஷாப் நடத்தற ஒவ்வொருத்தரும் அதை மனப்பாடமா தெரிஞ்சு வச்சிருக்கணும்னு நான் சொல்வேன். எழுத்துல எஸ்டிமேட் கொடுக்காம, சம்மதம் வாங்காம வேலைய ஆரம்பிக்கக்கூடாது. எஸ்டிமேட் பத்தாதுன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம், அந்த கூடுதல் வேலைய தொடறதுக்கு முன்னாடி, மறுபடி சம்மதம் வாங்கணும். வேலைய முடிச்சுட்டு ஃபோன் பண்ணி சொன்னா அது சம்மதம் ஆகாது.

வாயால சம்மதம் வாங்கலாம், சட்டம் அதை தடுக்கலை. ஆனா வாங்கினதும் ஒர்க் ஆர்டர்ல என்ன எழுதணும்னு தெளிவா சொல்லியிருக்கு. தேதி, நேரம், சம்மதிச்சது யாரு, எந்த நம்பருக்கு கூப்பிட்டீங்க, கூடுதலா என்ன பார்ட்டு, என்ன லேபர், கூடுதல் தொகை மொத்தம் எவ்வளவு. இத்தனையும் இருக்கணும். அதுக்கப்பறம் இதே விவரத்தை இன்வாய்ஸ்லயும் எழுதணும், இல்லன்னா கார் எடுக்க வரும்போது, எஸ்டிமேட் கூடினதை வாய்மொழியா ஒத்துக்கிட்டேன்னு இருக்கற வாசகத்துக்கு கீழ கஸ்டமர்கிட்ட கையெழுத்தோ இனிஷியலோ வாங்கணும். டெக்ஸ்ட், ஈமெயில்ல வாங்கினாலும் செல்லும், அதோட காப்பியை ஒர்க் ஆர்டரோட சேர்த்து வைக்கணும்.

தம்பி, உங்க ஒர்க் ஆர்டர்ல என்ன இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, ஓரத்துல பேனாவால "கால்டு, ஓகே"ன்னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். நேரம் இல்ல, நம்பர் இல்ல, எவ்வளவுன்னு இல்ல. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை, நிச்சயமா ஃபோன் பண்ணியிருப்பீங்க. ஆனா அந்த அம்மா "கூப்பிட்டாங்க, இன்னும் கொஞ்சம் வேலை இருக்குன்னாங்க, எவ்வளவுன்னு சொல்லவே இல்ல"ன்னா, அந்த ரெண்டு வார்த்தையால நீங்க பதில் சொல்ல முடியாது.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு. இந்த நேரத்துலதான் அந்த பேப்பரை கொஞ்சம் சரி பண்ணிடலாமேன்னு கை அரிக்கும். ஃபோன் பண்ணது உண்மை, தொகை சொன்னதும் உண்மை, அப்ப அதை இப்ப எழுதினா என்ன தப்புன்னு தோணும். தயவு செஞ்சு செய்யாதீங்க. நான் வேலை பார்த்த ஒரு ஷாப்புல இது கண்ணு முன்னாடி நடந்துச்சு. டைமிங் செயின் வேலை, இதே மாதிரி எஸ்டிமேட் கூடிடுச்சு, ரெப் வர்றார்னு தெரிஞ்சதும் கவுன்ட்டர்ல இருந்தவர் முந்தின நாள் ராத்திரி உக்காந்து காலை 10:40க்கு பேசினதா நேரத்தையும் தொகையையும் எழுதி வச்சுட்டார். நீல மைல எழுதின ஒர்க் ஆர்டர், புதுசா எழுதினது மட்டும் கருப்பு. ரெப் அதை பத்தி ஒரு வார்த்தை பேசலை, மெதுவா தன் பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்து பக்கத்துல வச்சார், கஸ்டமர் கையில கொடுத்த காப்பி. அதுல அந்த வரியே இல்ல. அதுவரைக்கும் 600 டாலர் திருப்பி கொடுத்தா முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், அந்த நிமிஷத்துல இருந்து வேற மாதிரி ஆயிடுச்சு, நான் மேல சொன்னேனே ரொம்ப தூரம் போன கேஸ்னு, அது இதுதான். எழுத மறந்தது ஒரு குத்தம்னா, இல்லாததை எழுதி காட்டினது பொய்யான ஸ்டேட்மென்ட்டு, அது 9884.7ல தனியா ஒரு காரணம், ரெஜிஸ்ட்ரேஷனையே ரத்து பண்ற அளவுக்கு போகும். அந்த ஓனர் நல்ல மனுஷன், அவர் முகம் அன்னிக்கு இருந்த இருப்பு இன்னும் எனக்கு மறக்கலை.

அதனால ஒரிஜினலை தொடாதீங்க. ஸ்கேன் பண்ணி வச்சுட்டு ஒரிஜினலை ஒரு கவர்ல போட்டு பூட்டி வைங்க. இப்ப உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை ஒரு தனி பேப்பர்ல, இன்னிக்கு தேதி போட்டு, "இது நான் இன்னிக்கு ஞாபகத்துல இருந்து எழுதறது"ன்னு வெளிப்படையா எழுதி வைங்க, அதுல தப்பே இல்ல. அடுத்து உங்க ஃபோன் கம்பெனி அக்கவுன்ட்டுல போயி அந்த நாளுக்கான கால் லிஸ்டை இறக்குங்க. ஷாப் நம்பர்ல இருந்து அந்த அம்மா நம்பருக்கு எத்தனை மணிக்கு போச்சு, எத்தனை நிமிஷம் பேசினீங்கன்னு இருக்கும். ஆறு நிமிஷம் பேசியிருந்தா அது "ரெடி ஆயிடுச்சு வந்து எடுத்துக்கங்க"ன்னு சொன்ன கால் இல்லன்றது யாருக்கும் புரியும். அந்த கால் போன நேரத்தையும் மெஷின் ஷாப்புல ஹெட்டை கொடுத்த பில்லுல இருக்கற தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. கால் முன்னாடி, மெஷின் ஷாப் அப்பறம்னா உங்க கதைக்கு முதுகெலும்பு கிடைச்சிடுச்சு. தலைகீழா இருந்துச்சுன்னா, அதையும் இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது, ரெப் முன்னாடி உக்காந்து தெரிஞ்சுக்கறதைவிட.

வேலை சம்பந்தப்பட்ட ஆதாரமும் வேணும், இல்லைன்னு சொல்லலை. தேவையில்லாத வேலை செஞ்சாங்கன்னு அந்த அம்மா எழுதியிருந்தா அதுக்கு பதில் சொல்லணும்ல. ரேடியேட்டர்ல கம்பஷன் லீக் டெஸ்ட், அதாவது இன்ஜின்ல எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலக்குதான்னு பார்க்கற டெஸ்ட், பண்ணி நீல திரவம் மஞ்சளா மாறினதை டெக்னீஷியன் ஃபோட்டோ எடுத்திருந்தா அது தங்கம். ஹெட்டு மேல ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு ஃபீலர் கேஜ் விட்டு அளந்த அளவு ஒர்க் ஆர்டர்ல இருக்கா பாருங்க, அலுமினியம் ஹெட்டு நிறைய இன்ஜின்ல 0.05 மில்லிமீட்டர் வளைஞ்சாலே லிமிட்டுக்கு வந்துடும், அந்த இன்ஜினோட சர்வீஸ் மேனுவல் பக்கத்தை பிரின்ட் எடுத்து கூட வைங்க. மெஷின் ஷாப் பில்லுல எவ்வளவு தேய்ச்சாங்கன்னு எழுதியிருப்பாங்க. வாட்டர் பம்ப் மாத்தினதுக்கு என்ன காரணம், லீக் இருந்துச்சா, பேரிங் ஆடுச்சா, இல்ல எப்படியும் கழட்டியாச்சு மாத்திடலாம்னு மாத்தினீங்களா? கடைசி காரணம்னா அது நல்ல யோசனைதான், ஆனா அது சிபாரிசு, அவங்ககிட்ட கேட்டுத்தான் செய்யணும். ரெப் இந்த ரெண்டையும் தனித்தனியா பார்ப்பார்.

பார்ட்ஸ் பில்லையும் எடுத்து இன்வாய்ஸோட ஒவ்வொரு வரியா ஒத்து பாருங்க. இதுல எனக்கே ஒரு அடி விழுந்திருக்கு. பிரேக் வேலை ஒண்ணு, கம்ப்ளைன்ட் என்னவோ சத்தம் வருதுன்னுதான், வேலை நல்லா இருந்துச்சு, ரெப்பே ஓட்டி பார்த்துட்டு சத்தம் இல்லன்னு ஒத்துக்கிட்டார். ஆனா இன்வாய்ஸ்ல நான் வெறுமனே "காலிப்பர்"னு எழுதியிருந்தேன், சப்ளையர் பில்லுல ரீமேன்னு இருந்துச்சு. பழசை சரி பண்ணி விக்கற பார்ட்டு, யூஸ்டு பார்ட்டு எதுவா இருந்தாலும் இன்வாய்ஸ்ல அப்படின்னு தெளிவா சொல்லியாகணும், 9884.8ல இருக்கு. நான் யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கலை, விலையும் ரீமேன் விலைதான் போட்டிருந்தேன், ஆனா மீறல் மீறல்தான். ஒரு கம்ப்ளைன்ட்டுக்காக உள்ள வர்றவர் அந்த ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துட்டு போக மாட்டார்.

கேட்ட ரெக்கார்டை கொடுக்காம இருக்க முடியாது. எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், இன்வாய்ஸ், பார்ட்ஸ் பில் எல்லாம் குறைஞ்சது மூணு வருஷம் வச்சிருக்கணும், வேலை நேரத்துல அவங்க வந்து பார்க்கலாம். காப்பி கொடுங்க, என்னென்ன கொடுத்தீங்கன்னு ஒரு லிஸ்ட் எழுதி தேதி போட்டு வச்சுக்கங்க. ஆனா கவனமா கேளுங்க, ஒரு கார் பேப்பரை மட்டும் கேட்டா அது சாதாரணம். மூணு மாசத்து இன்வாய்ஸ் பூராவும் வேணும்னு கேட்டா, இல்ல ஒரே மாதிரி வேலை நிறைய பேருக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, பேச்சுல ஃப்ராடுன்ற வார்த்தை வந்துச்சுன்னா, அங்கயே மரியாதையா, "ரெக்கார்டு எல்லாம் தர்றேன் சார், கேள்விக்கு என் வக்கீலோட வந்து பதில் சொல்றேன்"னு சொல்லிடுங்க. ஏன்னா அப்ப அவங்க தேடறது உங்க ஷாப்போட பழக்கத்தை. 1992ல இந்த பீரோ சியர்ஸ்ன்ற பெரிய கடை கம்பெனியோட 72 ஆட்டோ சென்டர் ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணணும்னு கிளம்பினது அப்படித்தான், கஸ்டமர் மாதிரி ஆளுங்களை ரகசியமா கார் கொடுத்து அனுப்பி, நல்லா இருக்கற பார்ட்டையும் மாத்த சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சாங்க, கவுன்ட்டர் ஆளுங்களுக்கு கொடுத்த கமிஷனும் டார்கெட்டும்தான் காரணம்னு பேச்சு வந்து அந்த கம்பெனி அதை நிறுத்த வேண்டியதாச்சு. கார் அனுப்பி பார்க்கற அந்த முறை இன்னும் இருக்கு. உங்க விஷயம் அந்த ரகம் இல்ல தம்பி, இது ஒரு காரு, ஒரு பில்லு, சரியா எழுதாத ஒரு சம்மதம்.

அதனால வக்கீல் இப்பவே வேணுமான்னு கேட்டா, முதல் பேச்சுக்கு வேணும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அரை மணி நேரம் காசு கொடுத்து லைசென்ஸிங் கேஸ் பார்க்கற ஒருத்தர்கிட்ட உங்க பேப்பரை காட்டிட்டு போறது புத்திசாலித்தனம். வீடு வாங்க, டைவர்ஸுக்கு வச்ச வக்கீல் வேண்டாம், இது தனி வித்தை.

அந்த அம்மாவை கூப்பிட்டு பேசலாமா? தடை எதுவும் இல்ல, ஆனா இப்ப நீங்க இருக்கற மனநிலைல வேண்டாம். பேசறதா இருந்தா ரெப் வழியா பேசுங்க, இல்ல சின்னதா மரியாதையா ஒரு ஈமெயில் போடுங்க. ஒண்ணு மட்டும் செய்யவே கூடாது, என் பேரை கெடுத்தீங்க, கேஸ் போடுவேன்னு மிரட்டறது. அரசாங்க ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் கொடுக்கறதுக்கு இந்த மாநிலத்துல பலமான பாதுகாப்பு இருக்கு, அதுக்காக மானநஷ்ட கேஸ் போட்டா ஆரம்பத்துலயே தூக்கி எறிஞ்சுட்டு அவங்க வக்கீல் செலவையும் உங்க தலைல கட்டற சட்டம் இருக்கு.

காசு திருப்பி கொடுக்கறது தப்பை ஒத்துக்கறதா? இல்ல. தப்பு எதையும் ஒத்துக்கலை, பிரச்சனையை முடிக்க இந்த தொகையை தர்றோம்னு எழுதி கொடுக்கலாம், தினமும் நடக்கறதுதான். எவ்வளவு கொடுக்கலாம்னா, என் அனுபவத்துல சம்மதம் பேப்பர்ல இல்லாத தொகைதான் உங்க பலவீனமான பகுதி, அதுல இருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும். உங்க விஷயத்துல அது 1,330. கால் லிஸ்டும் மெஷின் ஷாப் தேதியும் உங்க பக்கம் இருந்தா ஹெட் தேய்ச்ச காசை நியாயமா வச்சுக்கிட்டு வாட்டர் பம்ப் காசை விட்டு கொடுக்கலாம். ரெண்டும் இல்லன்னா முழுசையும் கொடுத்துட்டு முடிங்க, மனசு வலிக்கும், தெரியும், ஆனா அந்த காசுக்காக சண்டை போட்டு நின்னீங்கன்னா சட்டப்படி உங்க கை ரொம்ப பலமா இல்ல, சம்மதம் இல்லாத வேலைக்கு காசு கேட்டு கோர்ட்டுக்கு போன ஷாப்புகளுக்கு பெரும்பாலும் சாதகமா வந்தது இல்ல. அந்த அம்மா தனியா சின்ன தொகை வழக்கை பார்க்கற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கும் போகலாம், அங்க 2024ல இருந்து தனி ஆள் 12,500 டாலர் வரைக்கும் கேக்கலாம். இன்னொண்ணு, அவங்க கார்டுல கட்டியிருக்காங்க, பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்காங்களான்னு முதல்ல உங்க கார்டு மெஷின் கம்பெனிகிட்ட கேளுங்க, நீங்க செக்கு கொடுத்து பேங்க்கும் காசை இழுத்துக்கிட்டா ரெண்டு தடவை போயிடும்.

அப்பறம் இந்த இடத்துல நிறைய பேர் தெரியாம மாட்டிக்கறாங்க. காசு தர்றேன், ஆனா கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கிடணும், இனிமே பி.ஏ.ஆர்கிட்ட பேசக்கூடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குவாங்க. ஊர் பஞ்சாயத்துல அது சகஜம், இங்க அது சட்ட விரோதம். கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் கீழ லைசென்ஸ் வச்சிருக்கற யாரும் அப்படி ஒரு கண்டிஷன் போடக்கூடாதுன்னு அதே கோடுல 143.5னு தனி செக்‌ஷனே இருக்கு. அப்படி எழுதின பேப்பர் உங்க மேல இன்னொரு கேஸ் ஆகும். தொகை, எந்த வேலைக்கு, இதோட பண விவகாரம் முடிஞ்சுது, அவ்வளவு மட்டும் எழுதுங்க, ஒரு காப்பியை ரெப்புக்கும் அனுப்புங்க.

லைசென்ஸ் போயிடுமான்ற பயத்துக்கு வர்றேன். ஒரு கம்ப்ளைன்ட், ஒரு தொகை, உண்மையா பேசின ஓனர், இதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் போய் நான் பார்த்ததில்ல. சமாதானமா முடிஞ்சாலும் மீறலை சொல்லி எச்சரிக்கை வரலாம், அதுக்கு மேல போனா சைட்டேஷன், அதாவது எழுத்துல ஒரு உத்தரவு, அபராதத்தோட வரலாம், அபராதம் 5,000 டாலர் வரைக்கும் போகும். சைட்டேஷன் வந்தா மறுத்து ஹியரிங் கேக்க 30 நாள் இருக்கு, அந்த நாளை கேலண்டர்ல சிவப்புல போட்டுடணும். அபராதத்தை கட்டிட்டா அதை திருப்தியா முடிஞ்ச விஷயம்னு தான் வெளில காட்டணும்னு சட்டம் சொல்லுது, அதனால சில நேரம் கட்டிட்டு வேலைய பார்க்கறதே நல்லது.

நிஜமா பயப்பட வேண்டிய பேப்பர் ஒண்ணுதான், அக்யூசேஷன், அதாவது உங்க ரெஜிஸ்ட்ரேஷன் மேல நடவடிக்கை எடுக்க போடற முறையான குற்றச்சாட்டு. அதை அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் தயார் பண்ணி அனுப்பும். அதை உங்களுக்கு சர்வ் பண்ண, அதாவது முறைப்படி அனுப்பின நாள்ல இருந்து 15 நாளைக்குள்ள நோட்டீஸ் ஆஃப் டிஃபென்ஸ்னு ஒரு ஃபார்மை அனுப்பியாகணும், சாதாரண ஃபார்ம், கூடவே வரும், கையெழுத்து போட்டு அனுப்பினா போதும், ஆனா அனுப்பலைன்னா ஹியரிங்கே இல்லாம டிஃபால்ட்டா உங்க ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணலாம். பி.ஏ.ஆர்கிட்ட பதிவாகி இருக்கற அட்ரஸுக்கு அனுப்பினாலே உங்ககிட்ட சேர்ந்ததா கணக்கு, நீங்க இடம் மாறி அட்ரஸை மாத்தாம விட்டிருந்தா லெட்டர் அங்க கிடக்கும், நாள் இங்க ஓடிடும். இன்னிக்கே போய் அந்த அட்ரஸ் சரியா இருக்கான்னு பாருங்க. ஹியரிங்ல அட்மினிஸ்ட்ரேட்டிவ் லா ஜட்ஜ் உக்காருவார், டாக்டர் லைசென்ஸை பிடுங்க எவ்வளவு உறுதியான ஆதாரம் வேணுமோ அவ்வளவு நம்ம ஷாப் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு தேவையில்ல, தராசு அவங்க பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சா போதும். தோத்தா விசாரணை செலவையும் உங்ககிட்ட கேக்கலாம். ரெண்டு மூணு ஷாப் வச்சிருந்து திரும்ப திரும்ப வேணும்னே மீறினதா முடிவானா எல்லா ஷாப்பையும் சேர்த்து தொடலாம். அந்த கட்டத்துல வக்கீல் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. நான் சொன்ன டைமிங் செயின் கேஸ் அக்யூசேஷன் வரைக்கும் போயி, ரத்துன்னு உத்தரவு போட்டு அதை நிறுத்தி வச்சு, சில வருஷம் புரொபேஷன், அதாவது கண்காணிப்புல இருக்கணும்னு செட்டில்மென்ட் ஆச்சு. ஷாப் பிழைச்சுது. ஆனா அந்த பேப்பர் இன்டர்நெட்ல யார் வேணா பார்க்கற மாதிரி இருந்துச்சு, ரெண்டு ஃப்ளீட் அக்கவுன்ட், அதாவது நிறைய வண்டி வச்சிருக்கற கம்பெனி கஸ்டமருங்க, அதை பார்த்துட்டு போயிடுச்சு.

இனிமே ஹெட் கேஸ்கெட் மாதிரி கழட்டினாதான் தெரியும்ற வேலைக்கு முழு எஸ்டிமேட்டை முதல்லயே போடாதீங்க. டியர்டவுன் எஸ்டிமேட்னு சட்டமே ஒரு வழி கொடுத்திருக்கு. கழட்டி பார்க்க எவ்வளவு, வேண்டாம்னா திருப்பி மாட்ட எவ்வளவு, கழட்டறதுல வீணாகற கேஸ்கெட் மாதிரி பார்ட்டுக்கு எவ்வளவு, மாட்டி கொடுக்க அதிகபட்சம் எத்தனை நாள், இதை எழுதி கையெழுத்து வாங்கிட்டு கழட்டுங்க. கழட்டினதும் வளைஞ்ச ஹெட்டை ஃபோட்டோ எடுத்து புது எஸ்டிமேட்டோட டெக்ஸ்ட்ல அனுப்புங்க. "ஓகே, 3,480க்கு செய்யுங்க"ன்னு பதில் வர்ற வரைக்கும் ஹெட்டு பெஞ்சுலயே கிடக்கட்டும், லிஃப்ட்டு ரெண்டு நாள் அடைஞ்சு கிடந்தாலும் பரவாயில்ல.

இப்ப ரெப்பை திருப்பி கூப்பிடறதை பத்தி. நாளைக்கு தள்ளாதீங்க, இன்னிக்கே கூப்பிடுங்க, ஆனா கதை முழுசையும் ஃபோன்ல சொல்லாதீங்க. "மெசேஜ் கிடைச்சுது சார், ரெக்கார்டு எல்லாம் எடுத்துட்டு இருக்கேன், வியாழக்கிழமைக்குள்ள காப்பி அனுப்பறேன், கம்ப்ளைன்ட்ல என்னென்ன சொல்லியிருக்காங்கன்னு எனக்கு சொல்ல முடியுமா"ன்னு கேளுங்க, சொல்றதை அப்படியே எழுதிக்கங்க. நேர்ல பேசறப்ப அவரே அந்த "கால்டு, ஓகே"வை காட்டி கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, ஃபோன் பண்ணேன், இதோ கால் லிஸ்ட், ஆனா எழுத வேண்டியதை முழுசா எழுதலை, அது என் தப்பு, இப்ப ஒர்க் ஆர்டர் ஃபார்மையே மாத்தியிருக்கேன்னு புது ஃபார்மை எடுத்து காட்டுங்க. அந்த ஃபார்மை இன்னிக்கு சாயந்தரமே மாத்திடுங்க, தேதி, நேரம், பேரு, நம்பர், பார்ட்டு, லேபர், தொகைன்னு ஏழு கட்டம் போட்டு, ஏழும் நிரம்பாம டெக்னீஷியன் ஸ்பேனரை எடுக்கக்கூடாதுன்னு அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க. கால் லிஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு எழுதுங்க தம்பி, அதை பார்த்துட்டு எவ்வளவு விட்டு கொடுக்கலாம்னு அடுத்து பேசலாம்.